முதலில் கிராண்டைக் காட்டுங்கள்

பினாங்கைக் கைமாற்றியவர்களில் ஒருவராவது வில்லங்கம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரத்தில் இல்லை.

1786-இல் பிரான்சிஸ் லைட் வந்தார். கப்பல் கேப்டன், வியாபாரி, பேசத் தெரிந்தவர். இன்றைக்கு இருந்தால் பிறை நெடுஞ்சாலையோர விளம்பரப் பலகையில் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பார். கீழே கைப்பேசி எண் இருக்கும். கெடா சுல்தான் அப்துல்லா முக்காராம் ஷாவுக்கு வடக்கே இருந்த சயாம் தீராத தலைவலி. தீவைத் தருகிறேன், ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி கொடுங்கள், எனக்கு அடி விழும்போது ஆள் அனுப்புங்கள் என்பது அவருடைய கணக்கு. லைட் தலையாட்டினார். உலகத் தரகர்கள் எல்லோருக்கும் பொதுவான தலையாட்டல் அது. சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் எடுத்துக்கொள்ளலாம். கல்கத்தாவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மேலிடமோ ராணுவ உதவிக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தச் சங்கதி சுல்தானுக்குத் தெளிவாவதற்குள் ஆகஸ்ட் 11-ஆம் தேதி கொடி ஏறி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அந்த இளவரசர் கடைசிவரை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காடு வெட்ட ஆள் முன்வராததால் லைட் பீரங்கியில் வெள்ளிக்காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கப் போனவர்கள் மரத்தையும் வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அடுத்தவர் காசைப் பீரங்கியில் வைத்துச் சுடும் கலை ஜார்ஜ்டவுனுக்குப் புதிதல்ல என்று மட்டும் தெரிகிறது.

சுல்தான் ஐந்து வருஷம் பொறுத்தார். 1791-இல் பொறுமை போய், படகுகளையும் படையையும் கரையில் திரட்டி ஒரு கோட்டையும் போட்டார். எங்கே? நம்ம பிறையில்தான். ஏப்ரல் 12-ஆம் தேதி லைட்டின் ஆட்கள் கடலைக் கடந்து வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக, வீட்டுக்காரர் வாடகை கேட்க வந்து உதைபட்ட இடம் என்பதுதான் பிறைக்குக் கிடைத்த முதல் சரித்திரப் புகழ். அதன்பின் போட்ட ஒப்பந்தத்தில் 30,000 கேட்டவருக்கு 6,000 கிடைத்தது. 1800-இல் பிறைக் கரையே கம்பெனிக்குப் போனது. தொகை 10,000 ஆனது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயரை அதற்கு வைத்தார்கள். இளவரசருக்குத் தீவைக் கொடுத்துவிட்டு கவர்னருக்கு ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்காதல்லவா.

1821-இல் சயாம் நிஜமாகவே கெடாவுக்குள் புகுந்தது. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதாகக் கம்பெனி முகத்தை வைத்துக்கொண்டது. அப்போதைய சுல்தான் தப்பி ஓடி அடைக்கலம் புகுந்த இடம் பினாங்கு. சொத்தை விட்டவரின் பரம்பரை, சொத்தை எடுத்தவர் வீட்டில் விருந்தாளி.

இதெல்லாம் பழங்கதை என்று விடவும் முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகும் கூட்டரசு கெடாவுக்கு ஆண்டுதோறும் 10,000 வெள்ளி கட்டி வந்தது. பின்னர் அது ஒரு கோடி வெள்ளியாக உயர்ந்தது. பினாங்கு எங்களுடையது என்று கெடா மந்திரி பெசார் சனுசி இந்தப் பத்தாண்டிலும் மேடையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நம்மவர்களும் யோக்கியம் பேச முடியாது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடாரத்தை, அதாவது இதே கெடாவை, கொண்டபோது பத்திரப் பதிவு நடந்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கடாரம் கொண்டான் என்று பட்டம் போட்டுக்கொண்டான்; கொடுத்தான் என்று எவனும் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த மண்ணில்தான் 1981-இல் லோ தேக் ஜோ பிறந்தார். உலகம் அவரை ஜோ லோ என்று அழைக்கும். ஜார்ஜ்டவுன் பையன். சுங் லிங் பள்ளி, அப்புறம் லண்டனில் ஹாரோ, அப்புறம் அமெரிக்காவில் வார்ட்டன். ஹாரோவில் படித்த காலத்தில் விடுமுறைக்கு நண்பர்களைப் பினாங்குக்குக் கூட்டி வந்து, குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பணக்காரரின் சொகுசுப் படகை இரவல் வாங்கி, உள்ளே இருந்த அந்த வீட்டாரின் படங்களை எடுத்துவிட்டுத் தன் குடும்பப் படங்களை வைத்தார் என்று டாம் ரைட், பிராட்லி ஹோப் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் 2018-இல் வெளியிட்ட புத்தகம் சொல்கிறது. நில அலுவலகம் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் கட்டணம் இல்லை. படச்சட்டத்தை மாற்றினார், பெயர் மாற்றம் முடிந்தது. லைட் கொடிக்கம்பம் நட்டதைவிடச் சிக்கனமான முறை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2009-இல் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி பிறந்தது. அதிலிருந்து 450 கோடி டாலருக்கு மேல் கையாடப்பட்டது, லோ அதில் நடுநாயகம் என்பது அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டு. நான் தவறே செய்யவில்லை என்பது எங்கேயோ இருக்கும் லோவின் பதில். நமக்கு இங்கே வேண்டியது அந்தக் கடலில் ஒரு துளி. 2010 வாக்கில் சுமார் 3.5 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட பம்பார்டியர் குளோபல் 5000 ஜெட். பதிவு எண் என் 689 டபிள்யூ எம். தயாரிப்பு வரிசை எண் 9265.

குளோபல் 5000 சின்ன வண்டி இல்லை. ஆறடி ஆள் தலை குனியாமல் உள்ளே நடக்கலாம். டாங்க் நிரப்பினால் 9,600 கிலோமீட்டர் சொச்சம் போகும். கனடாக்காரன் செய்த உடம்பு, ஜெர்மனியில் செய்த இரண்டு ரோல்ஸ்ராய்ஸ் என்ஜின். மேலே பறக்கும்போது மணிக்கு 1,700 லிட்டர் அளவில் குடிக்கும். பிறையிலிருந்து ஈப்போ போய் வருவதற்குள் ரோன்95 பெட்ரோல் விலையை மூன்று முறை சபிக்கிறவர்கள் இந்தப் பத்தியை மறுபடி படிக்க வேண்டாம்.

2016-இல் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. யார் மீது? விமானத்தின் மீது. கிண்டல் இல்லை, பறிமுதல் வழக்கில் அங்கே பொருள்தான் பிரதிவாதி. அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் ஒரு பம்பார்டியர் குளோபல் 5000 விமானம், அதன் கருவிகள், துணைச் சாமான்கள் உட்பட. ஓட்டியவர் தப்பித்தார், உட்கார்ந்து போனவர் தப்பித்தார், ஸ்பானர் மாட்டிக்கொண்டது. 2017 தொடக்கத்திலிருந்து பிரதிவாதி சிங்கப்பூர் சிலேத்தார் விமான நிலையத்தில் அசையாமல் நின்றது.

சரி, இப்படி நிற்கும் ஒரு பழைய பெரிய ஜெட்டை வாங்கலாமா என்று பார்த்து வரச் சொல்லி, பிறையில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு அண்ணனை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே நிபுணர்களை அனுப்பும், அவர்கள் பல நூறு பக்க அறிக்கை எழுதுவார்கள். நம் அண்ணன் எழுத மாட்டார். ஆனால் ஜுருவிலும் மாக் மண்டினிலும் முப்பது வருஷம் டின் அடித்த வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்.

விற்பனை முகவர் கோட்டு டையோடு நிற்கிறார். அண்ணன் செருப்பும் அரைக்கால் சட்டையுமாக.

"எவ்வளவு மைலேஜ் பாஸ்?"

"சார், இதில் மைலேஜ் கிடையாது. பறந்த மணி நேரம், இறங்கிய தடவை, இந்த இரண்டுதான் கணக்கு. ரொம்பக் குறைச்சலாகத்தான் பறந்திருக்கிறது."

அண்ணன் சிரிப்பார். குறைச்சலாக ஓடிய வண்டி என்று சொன்னதும் கடைக்காரரைவிட வேகமாக ஓடிவிட வேண்டும் என்பது அவர் கற்ற முதல் பாடம். விமானத்துக்கு அது இன்னும் பொருந்தும். பறந்தால் தேய்வது ஒரு பக்கம், நின்றால் கெடுவது இன்னொரு பக்கம். ரப்பர் வளையங்கள் காய்ந்து எண்ணெய் கசியும். எரிபொருள் தொட்டியில் தண்ணீர் சேர்ந்து அதில் பூஞ்சை வளரும். கடலோர ஈரக்காற்றில் அலுமினியம் அரிக்கும். அதுவும் வெளியே தெரியாது. சீட்டைக் கழற்றி, கழிவறைக்கும் அடுக்களைக்கும் கீழே தரையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். சிந்திய காப்பியும் குளிர்பானமும் போய்ச் சேரும் இடம் அது.

போதாக்குறைக்கு நாள்காட்டி வேறு. ஒரு அடி நகராவிட்டாலும் 15 மாதம், 30 மாதம், 60 மாதம் என்று பரிசோதனைத் தவணை வந்துகொண்டே இருக்கும். பத்தாவது வருஷத்தில் வருவது பெரிய பரிசோதனை. பாதி வண்டியைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள், மாதக்கணக்கில் பட்டறையில் கிடக்கும். பழைய ஜெட்டுகள் ஒன்பதே முக்கால் வயதில் சந்தைக்கு வருவதன் ரகசியம் இதுதான். வாங்குபவர் தள்ளுபடி கிடைத்ததாக நினைத்து மகிழ்வார். விற்பவர் அதைவிட மகிழ்வார்.

"என்ஜின்?"

"புது மாதிரி சார்."

"திட்டத்தில் இருக்கா?"

முகவர் கொஞ்சம் இருமுவார். இந்த என்ஜின்களுக்கு, பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குத் தவணை கட்டும் ஏற்பாடு உண்டு. கட்டி வந்திருந்தால் ஓவர்ஹால் செலவு அவர்கள் தலையில். கட்டாமல் விட்ட என்ஜின் என்றால் பாக்கி முழுவதும் வாங்குபவர் தலையில். என்ஜினுக்குள் மெல்லிய குழாய்க் காமிராவை விட்டு ஒவ்வொரு இறக்கையாகப் பார்க்கிறவர்கள்கூட, முதலில் பார்ப்பது இந்தத் தவணைப் புத்தகத்தைத்தான். அடுத்தது பராமரிப்புப் பதிவேடு. ஒரு புத்தகம் தொலைந்தால் போதும், விலை கீழே போய்விடும். வண்டியே நன்றாக இருந்தாலும் சரி. காகிதத்தில் எழுதாத பழுதுபார்ப்பு நடக்காத பழுதுபார்ப்பு.

உள்ளே தோல் சோபா, தேக்கு மேஜை, தங்க முலாம் குழாய் எல்லாவற்றையும் முகவர் பெருமையாகக் காட்டுவார். அண்ணன் ஒன்றையும் தொட மாட்டார். சீட்டு உறை புதிதாக இருந்தால் வண்டி டாக்சியாக ஓடியது என்று அர்த்தம் என்பார்.

கடைசியில் அண்ணன் கேட்கிற கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"எல்லாம் சரி பாஸ். கிராண்ட் யார் பேர்ல?"

இந்த நாட்டில் உரிமைப் பத்திரத்துக்குப் பெயர் கிராண்ட்; நிலத்துக்கும் கிராண்ட், காருக்கும் கிராண்ட். அது இல்லாமல் அண்ணன் டீகூடக் குடிக்க மாட்டார். பூஸ்பகோம் பரிசோதனைக்கு வண்டியைக் கொண்டு போனாலும் முதலில் பார்ப்பது சேஸி எண் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். விமானத்திலோ இது தனி லாவணி. எண் முன்னால் என் என்று இருந்தால் அமெரிக்கப் பதிவு. அமெரிக்கர் அல்லாதவர் அந்தப் பதிவு பெற, அங்கே ஒரு அறங்காவலர் பெயரில் எழுதி வைக்கலாம். சட்டம் அனுமதிக்கிற வழிதான், ஏராளமான யோக்கியர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே காகிதத்தில் ஒரு வங்கியின் பெயர் இருக்கும், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு தீவில் பதிவான கம்பெனி இருக்கும், அந்தக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தபால் பெட்டி இருக்கும். சீட்டில் உட்கார்ந்து போனவர் பெயர் எங்கும் இருக்காது. நம் ஊரில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் உண்டு, வருமான வரிக்காரர்கள் நினைவிருக்கும் வரை சொல்ல மாட்டோம்.

விமானத்துக்கு வில்லங்கம் பார்க்க உலகத்துக்கே பொதுவான ஒரு பதிவகம் இருக்கிறது என்று சொன்னால் அண்ணன் நம்ப மாட்டார். இருக்கிறது, அயர்லாந்தின் டப்ளினில். கேப் டவுன் ஒப்பந்தப்படி 2006 முதல் நடக்கிறது. யார் அடகு பிடித்திருக்கிறார், யாருக்குப் பாக்கி என்று வீட்டிலிருந்தே கணினியில் தேடலாம். வேடிக்கை என்னவென்றால், எட்டு நாடுகள் ஏற்றால்தான் அந்த விமான ஏற்பாடு நடைமுறைக்கு வரும் என்று விதி இருந்தது. அந்த முதல் எட்டில் மலேசியாவும் ஒன்று. வில்லங்கம் பார்க்கும் ஆபீசைத் திறந்துவைத்த நாட்டில்தான் அடுத்த பத்து வருஷத்தில் இத்தனையும் நடந்தது.

இத்தனையும் என்றால், லோவின் ஜெட் மட்டுமல்ல. 2015 டிசம்பரில் கோலாலம்பூர் விமான நிலையத்தார் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். மூன்று போயிங் 747 நிற்கின்றன, உரியவர் 14 நாளில் வந்து எடுத்துக்கொள்ளவும், இல்லையேல் விற்றுவிடுவோம். பஸ்ஸில் மறந்துவிட்ட குடைக்குக்கூட இதைவிட நீண்ட அவகாசம் கொடுப்பார்கள். யாருடையது என்று தெரியாத 747 என்றால், நிறுத்தியவர் கீழே இறங்கிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கடுதாசி போடாமல் போயிருக்கிறார் என்றுதானே பொருள்.

விலைக்கு வருவோம். அண்ணனுடைய கட்சி, காகிதம் சிக்கலான வண்டிக்கு விலையே கிடையாது, எடுத்துப் போகிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பது. இதைக் கொஞ்சம் மிகை என்று நினைப்பவர்கள் மும்பைக்குப் போக வேண்டும். இந்திய மதுபான முதலாளி விஜய் மல்லையாவின் ஏர்பஸ் ஏ319, பதிவு எண் விடி-விஜேஎம். சாதாரணமாக நூற்றுக்கு மேல் ஆள் ஏறும் விமானத்தில் 25 பேர் மட்டும் போகிற மாதிரி படுக்கையறை, குளியலறை, பார், கூட்ட அறை. சேவை வரிப் பாக்கிக்காக 2013 டிசம்பரில் வரித்துறை அதைப் பிடித்துவைத்தது. பிடித்தார்களே ஒழிய, பிடித்ததை என்ன செய்வது என்று தெரியவில்லை. விமான நிலையக்காரர்கள் இடத்தை அடைக்கிறது, எடுத்துப் போங்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள்.

2016-இல் ஏலம். குறைந்தபட்ச விலை 152 கோடி ரூபாய் என்று அரசாங்கம் வைத்தது. வந்த கேள்வி 1.09 கோடி. அச்சுப் பிழை இல்லை. அந்தக் காசுக்கு மும்பையில் விமானத்தின் குளியலறை அளவில் ஒரு ஃபிளாட் கிடைக்கும். மறுபடி ஏலம், 27 கோடி சொச்சம், அதையும் நிராகரித்தார்கள். இதற்குள் விமானம் வெயிலிலும் மும்பை மழையிலும் நின்றுகொண்டே இருந்தது. நின்ற ஒவ்வொரு மாதமும் அண்ணன் சொன்ன ரப்பர் வளையங்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. 2018-இல் ஒரு அமெரிக்கக் கம்பெனி 34.8 கோடிக்கு எடுத்தது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பேரம் பேசுகிறவன், மூட்டைச் சாக்குக்கு மட்டும்தான் விலை சொல்வான். 1.09 கோடி கேட்டவரைப் பார்த்து அன்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவர் மேல்தான் மதிப்பு. அந்த ஏலத்தில் வேலை தெரிந்த ஒரே ஆள் அவர்.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நம் பக்கத்தில் நடந்தது. 2001-இல் டோனி பெர்னாண்டஸ் கூட்டாளிகளோடு ஏர்ஏசியாவை வாங்கிய விலை ஒரு வெள்ளி. கூடவே இரண்டு பழைய போயிங் 737, நான்கு கோடி வெள்ளி கடன். வில்லங்கம் பகிரங்கமாக மேஜைமேல் இருந்தது. படித்துப் பார்த்தே கையெழுத்துப் போட்டார். ஒரு வெள்ளிக்கு வாங்கினார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு காப்பிக்கடையில் பேசுகிறவர்கள் அந்த நான்கு கோடியை வசதியாக மறந்துவிடுவார்கள்.

லோ கதைக்கு முடிவு என்று ஒன்று இருக்கிறதா? அவருடைய 91 மீட்டர் சொகுசுக் கப்பல் எக்குவானிமிட்டி 25 கோடி டாலர் பெறும் என்றார்கள். 2018-இல் பாலியில் பிடித்து, ஆகஸ்ட் 7-ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் கைப்பேசியும் கையுமாகப் போய்ப் பார்த்தார்கள். மறுபடி ஒரு முறை, வரி கட்டியவர்களுக்கே சொந்தமாகியிருக்க வேண்டியதைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். 2019-இல் கெந்திங் நிறுவனம் அதை 12.6 கோடி டாலருக்கு வாங்கியது. பாதி விலை. ஆனாலும் மல்லையா கணக்கோடு ஒப்பிட்டால் அட்டகாசமான வியாபாரம். காரணம், கப்பலைப் பிடித்த நாளிலிருந்து ஆள் வைத்து எண்ணெய் போட்டு ஓட்டத்தில் வைத்திருந்தார்கள். நீதிமன்றம் வில்லங்கத்தைத் துடைத்துச் சுத்தமாகக் கையில் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 70 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துகளை விட்டுக்கொடுப்பதாக லோ தரப்பு அமெரிக்காவோடு சமரசம் செய்துகொண்டது. குற்றமில்லை, ஆனால் சொத்து வேண்டாம். இந்த வரியைச் சொல்லிப் பார்த்தால் வாய் கோணும்.

இவ்வளவும் கேட்ட பிறகும் பழைய ஜெட் ஆசை விடவில்லை என்கிறவர்களுக்காக எல்விஸ் பிரெஸ்லியின் ஜெட்ஸ்டார் கதை ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். 1962-இல் செய்த லாக்ஹீட் விமானம். உள்ளே சிவப்பு வெல்வெட் ஆசனங்கள். அமெரிக்காவின் ராஸ்வெல் பாலைவனத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றது, என்ஜின் இல்லாமல். 2017-இல் 4,30,000 டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவரும் அங்கேயே விட்டுவைத்தார். 2023-இல் மறுபடி ஏலம், 2,60,000 டாலர். இந்த முறை எடுத்தவர் விவரமான ஆள். பறக்க வைக்கலாம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இறக்கையைக் கழற்றி, உடம்பை ஒரு வண்டியின் அடிச்சட்டத்தில் ஏற்றி, சாலையில் ஓடும் வீடாக மாற்றிவிட்டார். இப்போது நெடுஞ்சாலையில் போகிறது. என்ஜின் திட்டம் இல்லை, டப்ளின் இல்லை, பத்தாண்டுப் பரிசோதனை இல்லை. இங்கே இருந்திருந்தால் பூஸ்பகோமோடு முடிந்திருக்கும்.